ஏழு என்றால் ஏழு

கிரிசெல்டா ஓவெலாரைப் பற்றி எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல்தான் பொங்குகிறது. அவள் செய்ததை இன்றுவரை ஒருத்தரும் ஒழுங்காகப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் அவளை நிற்கவைத்துத் திட்டிவிட்டுப் போனார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

என் பெயர் செல்சோ. எங்கள் தலைநகர் அசுன்சியோனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற சின்னக் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிற மென்பொருள் எங்களுடையது. அது நன்றாக ஓடினால் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கோளாறு வந்தால்தான் என் போன் அடிக்கும். அதனால் இந்த நாட்டில் எல்லாரும் எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கிரிசெல்டா எனக்கு எதிர் மேசை. ஐம்பதைத் தாண்டியவள். இளவயதில் தெற்கே ஒரு தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுதப் போனவள், எடைக் கணக்கைத் தானே போடுகிற மாதிரி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். தோல் உறை போட்ட பிளாஸ்க் ஒன்று வைத்திருப்பாள். அதில் அவள் பெயர் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். கோபம் வந்தால் ஸ்பானிஷை விட்டுவிட்டு எங்கள் மண்ணின் மொழியான குவாரனியில் திட்டுவாள். அந்த வசவுகளை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

எங்கள் பழைய மென்பொருளை அவள்தான் தனியாளாக எழுதினாள். அழகு என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால் நோயாளியிடம் ஏழு மணி என்று சொன்னால் உள்ளேயும் ஏழு என்றே எழுதி வைக்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

பிறகு எங்கள் முதலாளி தொன் ரோலாந்தோ புது ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கோ யாரோ பாதி கட்டி வைத்திருக்கிற வீடு மாதிரி அது. சுவர், குழாய், விளக்கு எல்லாம் தயார், நாம் குடியேறினால் போதும். குழாயைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்றால்தான் தொந்தரவு. சுவரில் கை வைக்காதே என்பார்கள்.

அந்த ஃபிரேம்வொர்க்கில் நாட்காட்டி ஒன்று இருந்தது. நாம் எந்த நேரத்தைக் கொடுத்தாலும் அதை உலகப் பொது நேரமாக மாற்றி உள்ளே வைத்துக்கொள்ளும். காட்டும்போது நம் நாட்டுக் கணக்குக்குத் திருப்பி மாற்றிக் காட்டும். இதைக் கேட்டதும் கிரிசெல்டா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுக்குங்க மாத்தணும்? நோயாளிகிட்ட ஏழு மணின்னோம். ஏழுன்னே எழுதி வச்சா என்ன கொறஞ்சு போச்சு?"

"உலகமே இப்படித்தான் வச்சிருக்கும்மா. நீ மட்டும் தனியா ஒரு வழி போவியா?" என்றார் தொன் ரோலாந்தோ.

"உலகத்துக்கு என்ன தெரியும், நம்ம ஊர்ல கடிகாரத்த எப்போ எவன் திருப்புவான்னு?"

"சரி, போன வருஷம் புவெனஸ் ஐரெஸ் டாக்டருங்க ஒரு மணி நேரம் காலி ஸ்கிரீனப் பாத்துட்டு ஒக்காந்திருந்தாங்களே, அது யாரோட புரோகிராம்? என் மாமியாரோடதா?"

அந்தப் புரோகிராம் கிரிசெல்டாவுடையதுதான். வேறு நாட்டு டாக்டரோடு வீடியோவில் பேச வேண்டும் என்றால், வெறுமனே ஏழு என்று எழுதி வைத்தால் யாருடைய ஏழு என்று தெரியாது. அங்கே புது நாட்காட்டி சொன்னதுதான் சரி. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காததே இதுதான். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளும். முழு முட்டாள் என்று யாரையும் திட்டவும் முடியாது. தொன் ரோலாந்தோ சொன்ன வழியே போனோம்.

அடுத்த செப்டம்பரில் எனக்கு ஒரு போன் வந்தது. காசபா ஊர்ப் பக்கத்து ஆள். பெயர் வில்பெர்தோ பெனீத்தெஸ்.

"தம்பி, நான் லாரி ஓட்டறவன்பா. சோயா ஏத்திட்டு ஆத்துத் துறைக்குப் போவேன். கொஞ்ச நாளா எதிர்ல வர்ற லைட்டெல்லாம் விரிஞ்சு விரிஞ்சு தெரியுது. கண்ணுல பொரை விழுந்திருக்காம். உங்க ஆப்புல ஆபரேஷன் ஏப்ரல்ல, காலைல ஏழு மணின்னு காட்டுது. நெசந்தானா?"

"நெசந்தான் அண்ணே."

"மாறிடாதே?"

"மாறாது."

"மாறிச்சுன்னா நான் தொலைஞ்சேன். ஜூன்ல லைசென்சுக்குக் கண்ணு டெஸ்ட். அதுல விட்டா வண்டியப் புடுங்கிடுவாங்க. எனக்கு வேற வேலை தெரியாது தம்பி."

அவருக்கு நாள் குறித்திருந்த எங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். இலவச ஆபரேஷன். வாசலில் மூன்று தடவை பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்றால் அடுத்த வருடம்தான். இது கிரிசெல்டாவுக்கும் தெரியும். போனை வைத்ததும், "பாவம், என்ன கொரலுடா அது, கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி" என்றாள்.

அக்டோபரில் எல்லாரும் வழக்கம்போல் கோடை வெளிச்சத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினோம்; மார்ச்சில் திருப்பித் தள்ளுவது வழக்கம். அதே மாதம் அரசாங்கம் அறிவித்தது: இனிமேல் மார்ச்சில் திருப்பித் தள்ள வேண்டாம், வருடம் முழுக்க இதே நேரம்தான். ஊரே குதித்தது. குளிர்காலத்திலும் வேலை முடிந்து வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கும், பந்தாடலாம் என்று நானும் குதித்தேன். எல்லாரும் மாறி மாறி உறிஞ்சுகிற தெரெரே மூலிகைத் தண்ணீர்க் குவளை சுற்றில் கிரிசெல்டாவிடம் போனது. அவள் உறிஞ்சவே இல்லை.

"ஏப்ரல் நேரமெல்லாம் நாசமாப் போச்சு," என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"ஏப்ரல் மாசம் நாம உலக நேரத்துக்கு நாலு மணி நேரம் பின்னாடி. அது பழைய கணக்கு. அதனால ஏழு மணிய அது பதினொண்ணுன்னு உள்ள வச்சிருக்கு. புதுச் சட்டப்படி நாம மூணு மணி நேரம்தான் பின்னாடி. பதினொண்ணுல மூணு போனா?"

"எட்டு."

"ஆங். ஏழு மணிக்கு வரச் சொன்ன அத்தனை பேரையும் எட்டு மணிக்கு வாங்கன்னு சொல்லப் போவுது. நம்ம வாயால."

தொன் ரோலாந்தோ அசரவில்லை. "ஃபிரேம்வொர்க்காரங்க அப்டேட் குடுப்பாங்க. உலகம் பூரா ஆயிரம் பேரு ஒக்காந்து பாத்துக்கறாங்க. நீ ஒருத்தி எதுக்கு மண்டைய ஒடச்சிக்கறே?"

அந்த ஆயிரம் பேரும் எங்கள் நாடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள் போல. அந்த ஃபிரேம்வொர்க் எந்த நாட்டில் எப்போது கடிகாரம் மாறும் என்கிற அட்டவணையை இயந்திரத்திடம் கேட்காது. தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கும். எந்த இயந்திரத்தில் போட்டாலும் ஒரே மாதிரி ஓடும் என்பது அதில் உள்ள வசதி. அவர்களாக மாற்றினால் தவிர மாறாது என்பது அந்த வசதிக்கு நாங்கள் கொடுத்த விலை. கிரிசெல்டா எழுதிக் கேட்டாள். அடுத்த பெரிய பதிப்பில் வரும் என்று பதில் வந்தது. அந்தப் பெரிய பதிப்பைப் போட்டுப் பார்த்தால் எங்கள் பாதி ஸ்கிரீன் வெள்ளையாகப் போய்விட்டது. பட்டன்களுக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், இப்போது இதுதான் நல்ல முறையாம்.

எங்கள் ஊரில் டிசம்பரில் வருகிற கோடைகாலம் முழுக்க அவள் அந்த வெள்ளை ஸ்கிரீன்களோடுதான் மல்லுக்கட்டினாள். ஒன்றைச் சரிசெய்தால் மூன்று உடையும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவள் இறைச்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டாள், ஏதோ பிடிபட்டது என்று. திரும்பி வந்தபோது இறைச்சி ஆறிப்போயிருந்தது. அவளுக்குப் பிடிபட்டதும் தப்பாம்.

இதற்கிடையில் நோயாளிகளின் போன்கள் தாங்களாகவே புதுச் சட்டத்தைக் கற்றுக்கொண்டன. அவர்கள் போனில் எட்டு, ஆஸ்பத்திரி ஸ்கிரீனில் ஏழு. அப்புறம் என் நிலைமையைக் கேட்க வேண்டுமா? காலையில் ஹெட்போனை மாட்டினால் மாலை வரை அர்ச்சனைதான்.

கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஞா தொமாசா என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரு அம்மாள். நல்ல மனசுக்காரி. எங்களை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று முடிவுகட்டி, தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். யாராவது போன் செய்து, "எட்டுன்னு காட்டுதே" என்றால், ஸ்கிரீனில் ஏழை ஆறு ஆக்கிவிடுவாள். அவர்கள் போனில் ஏழு வந்துவிடும். இரண்டு பக்கமும் சந்தோஷம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரியில் கடைசியாகப் புதுப் பதிப்பு ஓடியது. ஸ்கிரீனும் போனும் ஒரே நேரத்தைக் காட்டின. தொன் ரோலாந்தோ எல்லாருக்கும் சீப்பா ரொட்டி வாங்கிக் கொடுத்தார். கிரிசெல்டா ரொட்டியைத் தொடாமல், "இனிமே குறிக்கறது சரியா வரும். முன்னாடி குறிச்சதெல்லாம் இன்னும் எட்டுலதான் நிக்குது. எல்லாத்தையும் ஒரு மணி நேரம் இழுத்து விட்டுடறேன்" என்றாள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டோம். ஞா தொமாசாவின் வைத்தியம் வெளியே வந்தது.

"எத்தன பேருக்கும்மா மாத்தினீங்க?"

"யாரு கேட்டாங்களோ அவங்களுக்கெல்லாம் மாத்தினேன். எண்ணிக்கிட்டா இருப்பேன்? நீங்க செய்ய வேண்டியத நான் செஞ்சிருக்கேன், ஒரு நன்றி சொல்லக் காணோம்!"

அப்படியானால் ஸ்கிரீனில் எட்டு என்று இருப்பது நிஜ எட்டா, கெட்டுப்போன ஏழா? ஏழு என்று இருப்பது தொமாசா திருத்திய ஏழா, கெட்டுப்போன ஆறா? யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் வசதி அந்த ஃபிரேம்வொர்க்கில் இருக்கத்தான் செய்தது. அதைப் போட்டால் ஸ்கிரீன் மெதுவாக வரும் என்று முதல் வாரமே அணைத்துவிட்டோம். வேகம் வேண்டுமா நினைவு வேண்டுமா என்று அது கேட்டது. நாங்கள் வேகத்தைக் கேட்டோம். அன்றைக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"செல்சோ எல்லாருக்கும் போன் போடட்டும்," என்றார் தொன் ரோலாந்தோ. போட்டேன். தொண்டை கட்டும்வரை போட்டேன். எடுத்தவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஆனால் எங்கள் ஊரில் சிம் கார்டைச் சட்டை மாதிரி மாற்றுவார்கள். பாதி நம்பர் செத்துக் கிடந்தது. வில்பெர்தோ பெனீத்தெஸின் நம்பரில் ஒரு பெண் எடுத்து, "அந்த ஆள் எனக்கும் பணம் தரணும், கெடச்சா சொல்லு" என்றாள். அவர் லாரி வேலை செய்த கிடங்கில் கேட்டேன். அறுவடை நேரம், எந்த ரோட்டில் இருக்கிறாரோ என்றார்கள். அவரிடம் போய்ச் சேர எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்த ஆப்தான். அது அவரிடம் எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அல்லது தொமாசா புண்ணியத்தில் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தது. தெரியவில்லை.

மார்ச் கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"எல்லாத்தையும் இழுத்து விட்டுடறேன்," என்றாள் கிரிசெல்டா. "போன்ல கெடைக்காதவங்க அத்தன பேரையும்."

"அப்ப தொமாசா திருத்தினவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிப்பாங்க! கூட்டம் கத்தும். ஆஸ்பத்திரிக்காரன் ஒப்பந்தத்தக் கிழிச்சு எறிவான். அப்படியே விடு. எல்லாருக்கும், 'சீட்டுல இருக்கற நேரத்துக்கு வாங்க'ன்னு ஒரு சேதி தட்டி விடு," என்றார் தொன் ரோலாந்தோ.

"சீட்டு ஏது? சீட்டே வேண்டாம், எல்லாம் ஆப்புலன்னு சொன்னது யாரு?"

தொன் ரோலாந்தோ மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பாழாப்போன பொட்டி எப்படியும் தப்பு பண்ணத்தான் போவுது," என்றாள் அவள். "யாருக்குத் தப்பு பண்றதுன்னுதான் நாம சொல்ல முடியும். சீக்கிரம் வந்தவன் நின்னுட்டுத் திட்டுவான். லேட்டா வந்தவன் ஒரு வருஷம் கண்ணு தெரியாம இருப்பான். நான் திட்டு வாங்கிக்கறேன்."

"வாங்கிக்க. வாசல்ல நீயே போய் நில்லு. நான் வரமாட்டேன்."

"நிக்கறேன்."

வீறாப்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆபரேஷன் நாளுக்கு முந்தைய நாள் எனக்கே போன் செய்து, "காலைல அஞ்சரைக்கு வாசலுக்கு வந்துடுடா, தனியா நின்னா அடிச்சே போட்டுடுவாங்க" என்றாள்.

புதுச் சட்டப்படி ஏப்ரலில் காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் சீப்பா விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்திருந்தாள். ஆறு மணிக்கே சனம் வந்துவிட்டது. எல்லாம் தொமாசா ஏற்கெனவே திருத்தி, கிரிசெல்டா இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துவிட்டவர்கள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறவர்கள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி வருகிறவர்கள். கதவு சாத்தியிருந்தது. முதலில் முணுமுணுத்தார்கள். ஆறரைக்கெல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க நேரத்த மாத்தினது யாரு?"

"நான்தான்," என்றாள் கிரிசெல்டா.

இதை ஏன் சொன்னாள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். பேசாமல் நின்றிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு கிழவர் கைத்தடியைத் தூக்கினார். ஒரு பெண், வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு அப்பாவைக் கூட்டிவந்து குளிரில் நிற்கவைத்திருப்பதாக மூச்சுவிடாமல் ஏசினாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். உலக நேரம் என்று ஆரம்பித்ததுமே, "காதுல பூ சுத்தாதேடா" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். ரிசப்ஷனுக்கு வந்த ஞா தொமாசாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் ஒவ்வொண்ணா சரி பண்ணி வச்சத எந்தப் புண்ணியவதி கெடுத்தது?"

"நான்தாங்க ஞா தொமாசா."

"உனக்கு வெக்கமா இல்ல?"

கிரிசெல்டா பிளாஸ்க்கைத் திறந்து சூடான மாத்தே இலைக் கஷாயம் ஊற்றி அந்தக் கைத்தடிக் கிழவரிடம் நீட்டினாள். அவர் முறைத்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பவும் திட்டினார்.

வானம் வெளுக்கும்போது இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள். ஏழுக்குக் கதவு திறந்தது. நர்ஸ் பெயர் வாசிக்க ஆரம்பித்தாள். கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழுந்து போனார்கள். பிறகு அந்தப் பெயர்.

"வில்பெர்தோ பெனீத்தெஸ்!"

யாரும் அசையவில்லை. கிரிசெல்டா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வில்பெர்தோ பெனீத்தெஸ்!"

அவள் கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஆளின் முகமே தெரியாது. நர்ஸ் பேனாவை எடுத்துவிட்டாள்.

"வில்பெர்தோ..."

"இருக்கேன்! இருக்கேன்மா, பேர அடிச்சிடாதே!"

கேட்டிலிருந்து ஒரு பெரிய உருவம் பையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தது. வழியில் சீப்பாக் கூடையில் இடித்து, அந்தப் பெண்ணிடமும் ஒரு வசவு வாங்கிக்கொண்டது. படியேறப் போனவர் நின்றார். அந்த ஆப்காரர்கள் இங்கேதான் நிற்கிறார்கள் என்று யாரோ எங்களைக் கைகாட்டிவிட்டார்கள்.

"நீங்கதானா அது?" கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அதே குரல். "மொதல்ல ஏழுன்னீங்க. அப்புறம் எட்டுன்னீங்க. எட்டுன்னு நம்பி பஸ்சுக்கு டிக்கெட் எடுத்து வச்சேன். நாலு நாளைக்கு முன்னாடி பாத்தா மறுபடியும் ஏழு! அந்த டிக்கெட்டத் தூக்கிப் போட்டுட்டு, தக்காளி லாரில பொட்டி மேல ஒக்காந்து வந்திருக்கேன். கடிகாரம் பாக்கத் தெரியாத உங்களுக்கெல்லாம் எவன்யா வேலை குடுத்தான்?"

"அண்ணே, நாங்க..." என்றேன்.

"ஓ! நீதானே மாறாதுன்னு சொன்னவன்? கொரல மறப்பேனா?"

"உள்ள போங்கண்ணே," என்றாள் கிரிசெல்டா. "கூப்பிடறாங்க."

"போறேன் போறேன். போயி உங்கமேல எழுதிக் குடுக்கறனா இல்லியா பாரு!" அவர் திட்டிக்கொண்டே படியேறினார். கதவு சாத்திய பிறகும் சத்தம் கேட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "அந்த ஆளுக்காகத்தானக்கா இத்தன பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்த எட்டு அப்படியே இருந்திருந்தா இப்ப பஸ்சுல தூங்கிட்டு வந்துட்டிருப்பான்னு!"

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து குவளையில் மிச்சமிருந்ததை உறிஞ்சினாள்.

"திட்டறதுக்கு வந்து சேந்துட்டான்லடா," என்றாள். "விடு."